மூன்றாம் அத்தியாயத்துப் பணிப்பெண்

ஜூன் 4

பேராசிரியை அவர்களுக்கு (பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை என்று திருத்த வேண்டாம், வந்துவிடும்),

நான் அன்றைக்கே சொன்னேன். அந்த வெப்சைட் நிலைக்காது, ஒருநாள் திறந்து பார்த்தால் வெள்ளைத் திரைதான் இருக்கும் என்று சொன்னேனா இல்லையா? நீதான், "மாமா, அது பல்கலைக்கழகம் நடத்துறது, உங்க கடைக்கு எதிர்ல இருக்கிற ஜெராக்ஸ் கடை இல்ல" என்று சிரித்தாய். இன்று காலை மருந்துக்கடை ஷட்டரைப் பாதி ஏற்றிய கையோடு கம்ப்யூட்டரைப் போட்டேன். வெள்ளைத் திரை. நடுவில் இரண்டே வரி. நிதி தீர்ந்துவிட்டதாம், இத்தனை காலம் உழைத்த தன்னார்வலர்களுக்கு நன்றியாம். எதிர் ஜெராக்ஸ் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்குச் சில விஷயங்கள் முன்னாலேயே தெரிந்துவிடும், அது ஒரு சுமை.

அந்த வெப்சைட்டைத் தூக்கி நிறுத்தியவர்களில் நானும் ஒருவன் என்பதால் வயிறு எரிகிறது. அமெரிக்கா என்று ஒரு நாடு உண்டாவதற்கு முன்னால், அந்தக் கரையோரமெல்லாம் இங்கிலாந்து ராஜாவின் காலனிகளாக இருந்த காலத்துக் கோர்ட்டுக் குறிப்புகள். எவனோ ஒரு குமாஸ்தா இறகுப் பேனாவில் கிறுக்கி வைத்தது. அதைப் படம் எடுத்துப் போட்டு, உலகத்தில் பொழுது போகாதவர்களை எல்லாம் கூப்பிட்டு, பார்த்து டைப் அடியுங்கள் என்றார்கள். படித்தவர்களுக்கே கண் கட்டிய எழுத்து. முப்பது வருஷம் கவுன்டரில் நின்று டாக்டர் சீட்டு படித்தவனுக்கு அது எம்மாத்திரம்? நான் பத்தாவதோடு நின்றவன்தான். ஆனால் ஆயிரம் பக்கம் அடித்தேன். (நீ நானூறு என்பாய். சரி, அறுநூறு.) என் பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம் போட்டார்கள். அங்கே என் பெயர் 'மருந்துக்கடை', நீ வைத்ததுதான். மத்தியானத்தில் கடையில் ஈ ஓட்டுகிறீர்களே, இதையாவது செய்யுங்கள் என்று உட்கார வைத்துவிட்டுப் போனவளும் நீதான்.

இன்னொன்று. போனில் பேசினால் சண்டை வருகிறது, எழுதுங்கள், அதிலும் அந்தப் பேச்சு வேண்டாம் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் ஒரு பத்தி எழுதுகிறேன். உன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். சிறுநீரகம். பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. ஜன்னலோரப் படுக்கை, எனக்காகக் கொடுத்தது, அங்கே பெரிய டாக்டர் என் தோளில் கை போட்டுப் பேசுகிறவர். நீ வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால் என் தங்கை தெளிந்துவிடுவாள் என்று அவரே சொன்னார்.

அன்புடன்,
மாமா


ஜூன் 7

மாமா,

உங்கள் கடிதம் வந்தபோது நான் நூலகத்தில் அந்த வெள்ளைத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து எத்தனை முறை திறந்து மூடினேன் என்று தெரியவில்லை.

உங்களுக்கு இது ஜெராக்ஸ் கடைக் கதை. எனக்கு மூன்றாம் அத்தியாயம். கப்பல் கட்டணத்துக்கு ஈடாக ஏழு வருடம் உழைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கடல் தாண்டிப் போன பணிப்பெண்களைப் பற்றித்தான் என் ஆய்வு. கப்பல் பட்டியல்கள் வேறு தளங்களில் இருக்கின்றன. நில வரைபடங்கள் இருக்கின்றன. ஓடிப்போன பணியாட்களைத் தேடி அந்தக் காலச் செய்தித்தாள்களில் வந்த விளம்பரங்கள்கூட இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்தச் சின்ன ஊர்க் கோர்ட்டின் குறிப்புகள் இந்த ஒரே இடத்தில்தான் இருந்தன. மூலக் காகிதங்கள் இருந்த கட்டடத்தின் நிலவறையில் போன வருடம் வெள்ளம் புகுந்து எல்லாம் கூழாகிவிட்டது. படங்களாவது இருக்கின்றனவே என்று அப்போது ஆறுதல் பட்டோம்.

என் அத்தியாயம் நிற்பது அதில் ஒரு பணிப்பெண்ணின் பக்கத்தின் மேல்; அந்தப் படத்தை நான் சேமித்து வைக்கவில்லை. இணைப்பை மட்டும் குறித்து வைத்தேன். முதல் வருடத்தில் ஒருமுறை திறந்து பார்த்தேன். அந்த நூற்றாண்டுக் கையெழுத்து எனக்குப் பழகியிருக்கவில்லை, பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. இரண்டு பேர் பார்த்து ஏற்றிய எழுத்துதானே என்று நீங்கள் அடித்ததை எடுத்துக்கொண்டு மூடிவிட்டேன். இதை என் ஆய்வு நெறியாளர் மேடத்திடம் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு வழி சொன்னார். படியெடுத்தவர் யார் என்று தெரிந்திருப்பதால், 'நான் படத்தைப் பார்த்து, பார்த்தபடியே அடித்தேன்' என்று அவரிடம் எழுதி வாங்கினால் அடிக்குறிப்பில் போட்டுக்கொள்ளலாம். வாய்மொழித் தேர்வு இருபத்தெட்டாம் தேதி. உடனே எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான்கே வரி போதும். அலங்காரம் வேண்டாம்.

நீங்கள் எழுதிய அந்தப் பத்தியையும் படித்தேன். பதில் இல்லை.


ஜூன் 10

பேராசிரியை அவர்களுக்கு,

கையெழுத்து என்ன, கல்வெட்டே வெட்டித் தருகிறேன். கொஞ்சம் பொறு.

அந்தப் பக்கம் எனக்கு நேற்றுப் பார்த்தது போல ஞாபகம் இருக்கிறது. அப்படியொரு மங்கல் பக்கத்தை நீ வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டாய். மை பழுப்பேறி, ஓரம் கரையான் அரித்து, நடுவில் குமாஸ்தா எதையோ கொட்டி வைத்திருந்தான். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்க்க வைத்திருக்கிறோமே பூதக்கண்ணாடி, அதைத் திரைமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலாளி வந்து, "என்னய்யா, கம்ப்யூட்டருக்குக் கண் பரிசோதனையா?" என்றார். ஒரு எழுத்தைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்தப் பணிப்பெண் எஜமான் வீட்டிலிருந்து ஓடிப்போனது, ஆள் விட்டுப் பிடித்தது, ஓடிய நாளுக்கெல்லாம் இருமடங்கு கூடுதலாக உழைக்கச் சொல்லிக் கோர்ட்டு தீர்ப்பு எழுதியது, எல்லாம் இந்தக் கண் பிடித்ததுதான். சரிபார்த்த அம்மாள், எங்கோ வேறு தேசத்தில் ஓய்வு பெற்ற டீச்சர், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பிப் பாராட்டினாள். நான் அவளுடைய பூனையை விசாரிப்பது வழக்கம்.

அந்தக் காலனி விவகாரத்தில் நீங்கள் யாரும் பார்க்காத கோணங்கள் எனக்குத் தெரியும். டீயைப் பெட்டி பெட்டியாகத் துறைமுகத்தில் கொட்டினார்களே, வரி, சுதந்திரம் என்று நீங்கள் புத்தகம் எழுதுகிறீர்கள். அது காலாவதியான சரக்கு. கடைக்காரனுக்குத்தான் தெரியும். இதை உன் மேடத்திடம் என் பேரைச் சொல்லிச் சொல்.

உறுதிமொழியைப் பற்றி: அவசரப்பட்டு எழுதக்கூடாது, வார்த்தை கனமாக இருக்க வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். இயந்திரத்தோடு படுத்திருக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். கை காகிதம் மாதிரி ஆகிவிட்டது. அது என்ன படிக்கிறது என்று கேட்டாள். உன் பெயரைச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை, 'அது' என்றுதான் சொல்கிறாள். அமெரிக்காக்காரர்களுக்கே அவர்கள் சரித்திரத்தைச் சொல்லித்தரப் போகிறது என்றேன். கொஞ்சம் சிரித்தாள்.

மாமா


ஜூன் 14

மாமா,

உறுதிமொழி வரவில்லை. டீ விளக்கம் வந்தது. அந்தச் சரக்கு கப்பலைவிட்டு இறங்கக்கூட இல்லை, காலாவதி எங்கே ஆனது?

சரி, நீங்கள் அந்தப் பேச்சை விடப் போவதில்லை என்று தெரிகிறது. அதனால் ஒருமுறை முழுதாக எழுதிவிடுகிறேன். பிறகு நீங்கள் கேட்கக்கூடாது.

அம்மா வீட்டைவிட்டுப் போனபோது எனக்கு ஐந்து வயது. நீங்கள் வந்து என்னை அழைத்துப் போனீர்கள். அப்பா அடித்தது, கையில் காசில்லாதது, போக இடமில்லாதது என்று காரணங்களை நீங்கள் ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். நான் கேட்டுக்கொண்டேன். நீங்கள் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டு மீதியை நம்புவது எனக்குச் சின்ன வயதிலேயே பழகிய கணக்கு. மீதிப் பாதியே போதுமானதாக இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாத நிலைமையில் ஒருத்தி தான் மட்டும் ஓடுகிறாள், அவ்வளவுதான் என்று இருபது வருடம் என்னைச் சமாதானம் செய்து வைத்திருந்தேன். போன வருடம் அம்மா நோயோடு திரும்பி வந்து, நீங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டபோது, அதற்குள் எனக்கு அந்தச் சமாதானம் போய்விட்டது. அதனால்தான் சண்டை போட்டேன். ஏன் போனது என்று உங்களுக்குச் சொல்லவில்லை.

நீங்கள் அடித்த அந்த வரியைப் படித்ததால் போனது.

'தன் சிறு பெண் குழந்தையையும் உடன் கொண்டு எஜமான் வீட்டிலிருந்து ஓடிப்போனாள்.' ஒரே வரி. கடல் தாண்டி வந்தவள். அந்தக் கரையில் அவளுக்குச் சொந்தம் என்று ஒரு கதவு கிடையாது. ஓடினால் ஆள் வரும், பிடிபட்டால் இருமடங்கு வருடம். பிள்ளையைச் சுமந்துகொண்டு போனால் வேகமாக நடக்க முடியாது, பிடிபடுவோம் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் தூக்கிக்கொண்டு போனாள் மாமா. என் அத்தியாயம் முழுவதும் அதைத்தான் சொல்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிலையம் இரண்டு தெரு. அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரே பேருந்து.

நூலகத்தில் உட்கார்ந்து அழுதேன். முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒருத்திக்காக அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். கோபப்பட எனக்கு உரிமை உண்டு என்று முதல் முறையாகச் சொன்னவள் அவள்தான்.

உங்கள் வாய்ப்பேச்சில் பாதியைக் கழிப்பேன். ஆனால் அங்கே நீங்கள் அடித்ததில் ஒரு சொல்லைக்கூடக் கழித்ததில்லை. அங்கே விதி இருந்தது, சரிபார்க்க ஆள் இருந்தது. என் வாழ்க்கையில் நீங்கள் எனக்குக் கொடுத்த முழு உண்மை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நன்றிதான் சொல்கிறேன்.

நான் வரமாட்டேன். உறுதிமொழியை அனுப்புங்கள்.


ஜூன் 17

கண்ணு,

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். பிறகு ஒருவருக்கு இருமல் மருந்துக்குப் பதில் வேறு பாட்டிலைக் கொடுத்துவிட்டேன். அவர் படியிறங்குவதற்குள் ஓடிப்போய் வாங்கி வந்தேன். முப்பது வருஷத்தில் முதல் முறை. இதில் மிகை இல்லை.

எனக்கு ஒரு யோசனை. அந்த மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் என்ன? மீதி நான்கு அத்தியாயம் இருக்கிறதே, அது போதாதா? கப்பல் பட்டியல் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு ஊர்க் கோர்ட்டை நம்பி, படமும் இல்லாமல், எதற்கு வம்பு? கேள்வி கேட்கிறவர்கள் சும்மா விடுவார்களா? நான் அனுபவத்தில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

இன்னொன்று, ஒருத்தியை இன்னொருத்தியோடு தராசில் வைக்காதே. அந்த அமெரிக்காக்காரி வேலை செய்து உரம் ஏறிய உடம்பாக இருந்திருப்பாள். அந்தப் பிள்ளை சின்னதாக, கனமில்லாமல் இருந்திருக்கும். நீ ஐந்து வயதில் நல்ல கனம். உன்னைத் தூக்கி எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

டாக்டர் இன்று என்னை வராண்டாவுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். தோளில் எல்லாம் கை போடவில்லை. அவருக்கு என் முகம்கூட ஞாபகம் இல்லை, படுக்கை எண்ணைக் கேட்டுக்கொண்டுதான் பேசினார். டயாலிசிஸை உடம்பு தாங்கவில்லையாம், ரத்த அழுத்தம் பாதியில் விழுந்துவிடுகிறதாம். பார்க்க வேண்டியவர்கள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார்.

வா.

மாமா


ஜூன் 19

மாமா,

போன வருடமும் இதையேதான் எழுதினீர்கள். பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்கிறார்கள் என்று. சண்டையை எல்லாம் ஒதுக்கிவிட்டு டிக்கெட் எடுத்துப் பெட்டியும் கட்டிய பிறகு, வெறும் காய்ச்சல், இப்போது எழுந்து உட்கார்ந்து டீ குடிக்கிறாள் என்றீர்கள். எங்களை எப்படியாவது சேர்த்து வைக்கத்தான் சொன்னேன் என்றீர்கள். அதனால் வராண்டா டாக்டரை நான் எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தியாயத்தை ஏன் எடுக்கச் சொல்கிறீர்கள்? நான்கு வரி எழுதுவதற்கு ஏன் இத்தனை சுற்று? எனக்குப் பயமாக இருக்கிறது. மேடம் தினமும் கேட்கிறார். ஒரே கேள்விதான். 'பார்த்தபடியே அடித்தேன்' என்று எழுதி அனுப்புங்கள். நீங்கள் எழுதினால் நான் நம்புவேன். உலகத்தில் வேறு யாராலும் இனி அதைச் சரிபார்க்க முடியாது.


ஜூன் 21

கண்ணு,

ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து போனில் அடிக்கிறேன். எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்.

நேற்று மாலை உன் கடிதம் வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றேன். உன் அம்மாவுக்கு முன்னால் நான் எத்தனையோ கதை கட்டியிருக்கிறேன், ஒன்றுகூட உருப்படியாக வாயில் வரவில்லை. அதற்குப் பரீட்சை என்றேன். என்ன பரீட்சை என்றாள். உன் மூன்றாம் அத்தியாயத்தைச் சொன்னேன். கப்பலில் போனவள், ஓடினவள் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணா, அவளுக்குப் பிள்ளை இருந்துச்சா?"

"இருந்துச்சு. பொண்ணு."

"தூக்கிட்டா போனா?"

ஆமாம் என்றேன். நீ இருபத்தெட்டாம் தேதி எல்லோர் முன்னாலும் நின்று சொல்லப் போவதை நான் இங்கே மாற்றிச் சொல்லக்கூடாது என்று அந்த நேரத்தில் தோன்றியது. அவள் கண்ணைத் திறக்காமலே, "நல்லவ" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்று காலை டயாலிசிஸுக்குக் கூப்பிட வந்த நர்ஸிடம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டாள். வற்புறுத்திப் பார்த்தார்கள். நானும் கெஞ்சினேன். வரமாட்டேன் என்கிறாள்.

அந்தப் பணிப்பெண் செத்து முந்நூறு வருஷம் ஆகிறது. அவள் எனக்கு இப்படி ஒரு வேலை வைப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. எல்லாம் முன்னாலேயே தெரியும் என்று பீற்றிக்கொள்கிறவன், இது தெரியவில்லை.

அந்தப் பக்கம் என் திரையில் வந்தபோது, நீ படிக்கப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. ஓடிப்போன பெண்களைப் பற்றி என்ன வந்தாலும் உடனே அடியுங்கள் மாமா, நான் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தாய். நான் அடித்தால் முதலில் படிக்கப் போவது நீதான். விரலைச் சாவிமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கவுன்டரில் ஆள் வந்து போனது. கடையில் சீட்டு புரியாவிட்டால் டாக்டருக்குப் போன் போடுவோமே தவிர, ஊகித்து ஒரு மாத்திரை கொடுத்ததில்லை. அங்கே ஊகிக்கவும் இல்லை. வேறொரு வழக்கில் ஒருத்தி பிள்ளையோடு போனாள் என்று நான்கு பக்கம் முன்னால் இருந்தது. அந்தச் சொற்களையே எடுத்து இங்கே போட்டேன். அதனால்தான் அந்தக் காலத்து எழுத்துப் போலவே இருந்தது. பூனைக்காரி படத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள், தங்க நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு டிக் போட்டிருப்பாள்.

உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். எங்கேயாவது ஒருத்தியாவது தூக்கிக்கொண்டு போயிருக்கட்டும் என்று. நீ அதைக் கையில் எடுத்துக்கொண்டு இவளை அடிப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இதை மேடத்திடம் காட்டு. உன் அத்தியாயம் போய்விடும், பட்டம் தள்ளிப்போகும், எனக்குத் தெரியும். என்னைத் திட்டு, பேசாதே, என்ன வேண்டுமானாலும் செய். ஆதாரம் கேட்டால் என்னிடம் ஒன்றும் கிடையாது. காகிதம் கூழாகிவிட்டது, படம் போய்விட்டது, மிச்சம் என் வாய் ஒன்றுதான். அதன் மதிப்பு உனக்குத் தெரியும். உன் அம்மாவிடம் நான் இப்போது போய் மாற்றிச் சொன்னால், எனக்காகச் சொல்கிறாய் அண்ணா என்றுதான் சொல்வாள். நீ வந்து சொன்னால் நம்புவாள். படித்தவள் நீ.

மங்கல், கரையான், கொட்டிய மை எதுவும் கிடையாது. அந்தப் பக்கத்திலேயே தெளிவாக இருந்த வரி அதுதான். 'தன் சிறு பெண் குழந்தையை எஜமான் வீட்டில் விட்டுவிட்டு' என்று இருந்தது.